சோலைக்காட்டில் குழுவாக ஒரு நாள் பறவை நோக்கல்: நேரம், ஆள் கணக்கு, நிற்கும் இடம்

வலசைப்பாதை (இழையைத் தொடங்கியவர்)

ஜனவரி பின்பாதியில் நீலகிரி மேல்மலையில் ஒரு நாள் பறவை நோக்கலுக்குத் திட்டம் போடுகிறோம். உயரம் 2,000 முதல் 2,300 மீட்டர். சோலையும் புல்வெளியும் மாறிமாறி வரும் வனப்பாதை, ஒரு வழி 5 கிலோமீட்டர். வனத்துறை அனுமதி கிடைத்துவிட்டது, காலை 6 முதல் மாலை 5 வரை. மொத்தம் 14 பேர். அதில் 6 பேர் சமவெளி ஏரிகளில் பறவை பார்த்துப் பழகியவர்கள்; மலைக்காட்டுக்குப் புதியவர்கள். பைனாகுலர் 8, ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) 1.

இப்போதைக்கு வரைவு இப்படி: 6 மணிக்கு நடக்கத் தொடங்குவது, 11 மணிக்குள் பாதையின் கடைசிவரை போய்விடுவது, சாப்பாடு, திரும்பி நடப்பது. நேரம் சரியா, எல்லாரும் ஒன்றாக நடக்கலாமா, எங்கே அதிக நேரம் நிற்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சோலைவிளிம்பு

வரைவில் முதலில் மாற்ற வேண்டியது நடைதான். 5 கிலோமீட்டரை முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் சோலையில் பாதிப் பறவை கண்ணில் படாது. ஏரியில் பறவை வெட்டவெளியில் இருக்கிறது, நாம் கரையோரம் நகர்ந்தால் போதும். சோலையில் அது இலைக்குப் பின்னால் இருக்கிறது. அதுதான் நகர்ந்து வெளியே வர வேண்டும், நாம் நிற்க வேண்டும். நாள் முழுவதற்கும் 2, 3 கிலோமீட்டர் தாராளம்.

அடுத்தது நேரம். ஜனவரியில் அங்கே சூரியன் எழ ஏறக்குறைய 6.45 ஆகும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால் புல்வெளித் தாழ்வுகளில் உறைபனி விழும். சோலைக்குள் மரக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் அவ்வளவு குளிராது. ஆனாலும் பூச்சிகள் விறைத்துத்தான் கிடக்கும். பூச்சி அசையாதவரை அதைத் தின்னும் சிறு பறவைகளும் மும்முரமாக இரை தேடாது. அதனால் சமவெளியில் போல, விடிந்த முதல் மணி நேரத்தில் எல்லாம் பார்த்துவிடலாம் என்ற கணக்கு இங்கே பொய்த்துப்போகும். வெயில் சோலை விளிம்பைத் தொட்டு 15, 20 நிமிடம் கழித்துத்தான் பறவைக் கூட்டம் வரும். கிழக்கு பார்த்த விளிம்பில் இது 7.15க்கே நடக்கலாம். மேற்குச் சரிவில் 9 மணி வரைகூட நிழலாகவே கிடக்கும்.

ஆகவே முன்தினமே பாதையில் கிழக்கு பார்த்த விளிம்புகள் எவை என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உயரக்கோடுகள் உள்ள வரைபடம் இருந்தால் சரிவின் திசை தெரிந்துவிடும். அப்படி 2 இடம் கிடைத்தால் காலைப்பொழுதுக்குப் போதும்.

நிற்கும் தூரமும் முக்கியம். மேல்மலைச் சோலையின் மரங்கள் குட்டை, பெரும்பாலும் 10 முதல் 15 மீட்டர். விளிம்பிலிருந்து 15, 20 மீட்டர் தள்ளிப் புல்வெளிப் பக்கம் பாதையில் நின்றால் உச்சிக்கிளை 45 பாகைக்குள் அடங்கும், கழுத்து வலிக்காது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நிறம் சுத்தமாகத் தெரியும். மரத்தடியில் போய் நின்றால் வானப் பின்னணியில் வயிறு மட்டும் கறுப்பாகத் தெரியும். அதை வைத்து, ஒன்றையொன்று ஒத்த இலைக்கதிர்க்குருவி இனங்களைப் பிரித்தறிய வழியே இல்லை.

மரப்பாசி

சோலைவிளிம்பு அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெயில் வரும்வரை நேரம் வீணாகாது. அரையிருட்டு வேறு பறவைகளுக்கு உரியது. நீலகிரி சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, தரையோரம் திரியும் சிறு பறவை), நீலகிரிப் பூங்குருவி, சீகாரப் பூங்குருவி மூன்றும் மங்கிய வெளிச்சத்தில்தான் பாதைக்கும் ஓடைக்கும் இறங்கும். பாதை ஓடையைக் கடக்கும் இடம் ஏதேனும் இருந்தால் 6.15 முதல் 7 வரை அங்கே அசையாமல் நில்லுங்கள். சாம்பல் காட்டுக்கோழியும் அந்நேரம்தான் பாதையோரம் கிளறும். 7 மணிக்கு மேல் அங்கிருந்து வெயில் விளிம்புக்கு நகர்ந்தால் இரண்டும் கிடைக்கும்.

சோலைக்கிளிக்குத் தேட வேண்டியது தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள். கருநீல முதுகு, செம்பழுப்பு விலா. பாசி படிந்த விழுந்த மரம், ஓடைக்கரை மண்சரிவு, அடர்ந்த குறிஞ்சிச்செடித் தூர், இந்த மூன்றையும் மாற்றிமாற்றிப் பார்த்துக்கொண்டிருங்கள். மேலே பார்ப்பவர்களுக்கு அது ஒருநாளும் தெரியாது.

ஈரநிலம்

14 பேர் ஒன்றாக நடப்பது நடவாத காரியம். ஆளுக்கு ஒரு மீட்டர் இடைவெளி என்றாலும் வரிசை 13 மீட்டர் நீளும். சோலைப்பாதை அதற்குள் ஒரு வளைவு வளைந்துவிடும். முன்னால் போகிறவர் பார்த்த பறவை பின்னால் வருகிறவர் வந்து சேருமுன் போயிருக்கும். பின்வரிசையில் பேச்சு தொடங்குவதும் அதனால்தான். அது ஒழுங்கீனம் இல்லை, பார்க்க ஒன்றும் இல்லாததன் விளைவு.

ஏழேழு பேராகப் பிரியுங்கள். ஒரு குழு ஓடையில் தொடங்கட்டும், மற்றது நேராக முதல் கிழக்கு விளிம்புக்குப் போகட்டும். 8.30க்கு இடம் மாற்றிக்கொள்ளலாம். புதியவர்கள் 6 பேரையும் ஒரே குழுவில் போட்டுவிடாதீர்கள். மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு பழகியவர் நிற்கட்டும்.

நடக்கும்போது: முன்னால் குழுவை நடத்துபவர், கடைசியில் தலை எண்ணிக்கை பார்ப்பவர். கடைசி ஆள் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது வரிசையைக் குலைத்து விளிம்புக்கு இணையாக விரிந்து நில்லுங்கள், குட்டையானவர்கள் முன்னால். கேமரா வைத்திருப்பவர்கள் ஓரத்தில். நடுவில் நின்று அவர்கள் ஓரடி முன்னே போனால் பின்னால் இருக்கும் எல்லாருக்கும் மறைந்துவிடும்.

பேச வேண்டியிருந்தால் தாழ்ந்த குரலில் பேசுங்கள். கிசுகிசுப்பில் வரும் ஸ், ஷ் ஓசைகள் உச்ச அலைவரிசையில் உள்ளவை. சிறு பறவைகளின் மெல்லிய குரல்களும் அதே பகுதியில் இருப்பதால் கிசுகிசுப்பு அவற்றை மூடிவிடும்.

கதிர்க்குருவி

பறவையை மற்றவர்க்குக் காட்டுவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. குழு நோக்கலில் அதிகம் கெட்டுப்போவது அங்கேதான். "அதோ, அந்த மரம், அந்தக் கிளை" என்று கையை நீட்டினால் பறவை பறக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

நான்கு சொல்லில் முடிய வேண்டும்: எந்த மரம், எவ்வளவு ஆழம், கடிகாரத்தில் எத்தனை மணி, என்ன செய்கிறது. "சிவப்புத் தளிர் மரம், முன்பக்கம், இரண்டு மணி, தாவுகிறது." மரத்தை ஒரு கடிகார முகமாக வைத்துக்கொண்டால் உச்சி 12, வலது நடு 3. மரத்துக்குப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. காய்ந்த உச்சி, தாடிப்பாசி தொங்குவது, சாய்ந்தது என்று அடையாளம் சொல்லுங்கள். வந்தவுடனேயே எல்லாரும் சேர்ந்து 4, 5 மரங்களுக்கு அடையாளப் பெயர் வைத்துவிட்டால் பறவை வரும்போது தடுமாற்றம் இருக்காது. பறவை நகர்ந்தால் "நகர்ந்தது, இடப்பக்கம்" என்று சொன்னால் போதும். லேசர் வேண்டவே வேண்டாம், பறவையின் கண்ணுக்குக் கேடு.

வலசைப்பாதை

மிக்க நன்றி. இரண்டு குழு, நின்று பார்ப்பது, இரண்டையும் ஏற்றுக்கொள்கிறோம். பல இனங்கள் சேர்ந்து இரை தேடும் கலப்புக் கூட்டம் வந்தால் பின்தொடரலாமா? நாங்கள் எதிர்பார்க்க வேண்டிய பறவைகளையும் குரலோடு சொன்னால் புதியவர்களுக்குக் கொடுக்கலாம்.

கதிர்க்குருவி

பின்தொடரக் கூடாது, முந்திப் போக வேண்டும். கூட்டம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தைக் கடக்க 5 முதல் 15 நிமிடம். பின்னால் போனால் கடைசிப் பறவையின் வால்தான் கிடைக்கும். முதல் ஒரு நிமிடம் எந்தப் பறவையையும் பார்க்காமல் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். பாதை அந்தப் பக்கம் போனால் 20 மீட்டர் முன்னே போய் நில்லுங்கள், போகாவிட்டால் நின்ற இடத்திலேயே இருங்கள். காட்டுக்குள் இறங்க வேண்டாம்.

ஏழு பேரும் ஒரே பறவையைத் துரத்தாமல் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். இருவர் உச்சி, மூவர் நடு, இருவர் கீழ். பெரும்பாலும் சாம்பல் தலை ஈப்பிடிப்பானின் கூர்மையான குரல்தான் கூட்டம் வருவதை முதலில் சொல்லும். தலை சாம்பல், வயிறு மஞ்சள். வெள்ளைக்கண்ணிகள் பத்து இருபதாக உச்சியில். பசையெடுப்பான் தலைகீழாகத் தண்டில் இறங்கும், நீல முதுகும் சிவந்த அலகும் தெளிவாகத் தெரியும். பட்டாணிக்குருவி நடுவில். இவற்றோடு வலசை வந்த இலைக்கதிர்க்குருவிகள்.

இலைக்கதிர்க்குருவிகளில் புதியவர்கள் நேரத்தைத் தொலைக்க வேண்டாம். குரல் கேட்காமல் இனம் சொல்வது கடினம். பச்சை இலைக்கதிர்க்குருவி சட்டென்று வெட்டும் ஒலி எழுப்பும். பெரிய அலகு இலைக்கதிர்க்குருவிக்கு மேலேறும் ஈரசை விசில், இரண்டாம் அசை உயரும். டைட்லர் இலைக்கதிர்க்குருவிக்கு இறக்கையில் பட்டை கிடையாது, அலகு நீண்டு மெலிந்திருக்கும். இம்மூன்றில் எதுவென்று தெரியாவிட்டால் பட்டியலில் "இலைக்கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை" என்று போடுவதே நேர்மையான பதிவு.

கூட்டத்தோடு சேராமல் தன் எல்லைக்குள்ளேயே சுற்றுவது கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். இரண்டு மீட்டருக்கு மேல் ஏறுவது அரிது. ஆணுக்குத் தலையும் இறக்கையும் கறுப்பு, மற்றது ஆரஞ்சு. பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதில் பசுமை கலந்த பழுப்பு. குரல் மிக மெல்லியது, உச்ச ஓசை. வயது கூடியவர்களுக்குக் கேட்காமல் போகலாம், ஆகையால் காது கூர்மையானவரை அடிச்செடிப் பக்கம் நிறுத்துங்கள். ஓரிடத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டால் பத்து நிமிடம் நின்றாலே திரும்ப வரும்.

மலைமுகடு

நீல ஈப்பிடிப்பான்களில் ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் நீலமேனி ஈப்பிடிப்பானும் வலசை வரும். அது பச்சை கலந்த வெளிர்நீலம், கண்ணுக்கும் அலகுக்கும் இடையில் கறுப்பு. நீலகிரி ஈப்பிடிப்பான் ஆண் அடர்ந்த கருநீலம், வாலின் அடியில் இருபுறமும் வெள்ளைத் திட்டு. வால் விரியும் நொடியில் அதைப் பார்க்க வேண்டும். மேகமூட்டத்தில் நிறத்தை நம்பாதீர்கள்.

இன்னொன்று காட்டுப்புறா. நீலகிரி காட்டுப்புறாவின் ஆழ்ந்த "ஹூ" குரலைக் கருமந்தியின் குரல் என்று விட்டுவிடுவார்கள். மரக்கூரைக்குள் பழம் தின்றுகொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். சிறகடிப்பு கேட்டால்தான் தெரியும். பின்கழுத்தில் சதுரங்கக் கட்டம் போலக் கறுப்பு வெள்ளைக் கோலம் இருக்கும், அது ஒன்றே போதும். பழுத்த மரம் ஒன்றைக் கண்டுபிடித்து எதிர்ச்சரிவில் ஸ்கோப்பை நிறுத்துங்கள். அந்த நாளில் ஸ்கோப்புக்கு உள்ள மிக நல்ல வேலை அதுதான்.

தூவானம்

குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் என்னுடைய மெர்லின் செயலி, நீலகிரியில் பழனிச் சிரிப்பான் என்ற பறவையைக் காட்டினால் பட்டியலில் போட்டுக்கொள்ளலாமா?

மலைமுகடு

கூடாது. பாலக்காட்டுக் கணவாய் நடுவில் கிடக்கிறது. ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டர் அகலத் தாழ்நிலம். குளிர்ந்த சோலைக்கே பழகிய பறவைகள் அதைத் தாண்டுவதில்லை. அதனால் வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே பழனி, ஆனைமலை, மேகமலைப் பக்கம் பழனிச் சிரிப்பான். இன்னும் தெற்கே அச்சன்கோவில் கணவாய்க்கு அப்பால் அகத்தியமலைச் சிரிப்பான். சோலைக்கிளியும் அப்படியே: கணவாய்க்கு வடக்கே நீலகிரி சோலைக்கிளி, தெற்கே வெண்வயிற்றுச் சோலைக்கிளி. மரபணு ஆய்வுக்குப் பின் 2017ல் சோலைக்கிளிகளுக்குச் சோலிகோலா என்றும் இந்தச் சிரிப்பான்களுக்கு மான்டேசிங்க்லா என்றும் தனிப் பேரினங்களே வகுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே இந்த இரு பேரினங்களுக்கும் வாழிடம் கிடையாது.

களத்தில் பிரிக்கத் தேவையே வராது, இடமே சொல்லிவிடும். இருந்தாலும் புகைப்படத்தில் பார்க்க: நீலகிரிச் சிரிப்பானுக்கு முகவாய் கறுப்பு, நெஞ்சும் வயிறும் செம்பழுப்பு. பழனிச் சிரிப்பானுக்கு முகவாயில் கறுப்பு இல்லை, நெஞ்சு சாம்பல். இரண்டுக்கும் வெள்ளைப் புருவம் உண்டு. தவிட்டுப்பழப் புதர்களைக் கவனியுங்கள், சிரிப்பான்கள் அங்கே இறங்கும்.

செயலி காட்டும் பெயரை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு பறவையைக் கண்ணால் தேடுங்கள். செயலி மட்டும் கேட்ட பறவை பட்டியலில் ஏறக் கூடாது.

நுண்ணாடி

8 பைனாகுலருக்கு 14 பேர் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பறவை வந்த பிறகு கைமாற்றினால் யாருக்கும் பயன்படாது. இரு குழல்களின் அகலம் ஒவ்வொருவர் கண்ணுக்கும் வேறு. வலதுகண் திருத்தமும் வேறு. ஏறுமுன் வண்டியருகே, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொருவரும் இதைச் செய்துவிடுங்கள்:

முதலில் குழல்களை மடக்கி விரித்து இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை சரிசெய்யவும். 30 மீட்டர் தூரத்தில் எழுத்தோ, கிளை முடிச்சோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குக் கூர்மையாக்கவும். இப்போது இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலது கண்வில்லை வளையத்தை மட்டும் திருப்பவும். வளையம் நின்ற கோட்டை நினைவில் வைக்கவும். அதற்குப் பிறகு நாள் முழுக்க நடுச்சக்கரம் மட்டுமே. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் காட்சி சாவித்துளை அளவுதான் தெரியும்.

பகிர்ந்துகொள்பவர்கள் இருவரும் முன்பே இணைந்து, ஒரே மாதிரியான கண்பார்வை உள்ளவர்களாக இருக்கட்டும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் மாற்றிக்கொள்ளுங்கள், பறவைக்குப் பறவை வேண்டாம். கையில் பைனாகுலர் இல்லாதவருக்குக் காதும் வெறுங்கண்ணும் இருக்கிறது. கூட்டத்தின் நகர்வைப் பார்ப்பவர் அவரே.

எண்களில் 8x42தான் (8 மடங்கு பெரிதாக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) சோலைக்குச் சரி. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர் ஒளிக்கற்றை, 10x42க்கு 4.2 மட்டுமே. அரையிருட்டில் அந்த வித்தியாசம் சோலைக்கிளி தெரிவதையும் தெரியாததையும் தீர்மானிக்கும். பத்து மடங்கில் கைநடுக்கமும் கூடும், பார்க்கும் பரப்பும் குறையும், அருகில் தாவும் பறவையைப் பிடிக்க முடியாது. 10x இருந்தால் புல்வெளிக்கு ஒதுக்குங்கள்.

வலசைப்பாதை

பனியில் வில்லை மங்குவதைத் தடுக்க வழி?

நுண்ணாடி

குளிர்ந்த வில்லையில் ஈரமான வெதுவெதுப்பான காற்று படும்போதுதான் மங்கும். ஏறி இறங்கி மூச்சு வாங்கியபின் உடனே கண்ணில் வைத்தால் முகத்தின் ஈரமும் மூச்சும் கண்வில்லையில் படியும். அரை நிமிடம் நின்று மூச்சு அடங்கியபின் எடுங்கள், வாயை மூடி மூக்கால் விடுங்கள். மங்கிவிட்டால் முகத்திலிருந்து விலக்கிக் காற்றில் பிடித்தால் தானே தெளியும். சட்டை முனையால் துடைத்தால் மேற்பூச்சு கீறும். முதலில் ஊதுகுழாயால் தூசி, அடுத்து நுண்ணிழைத் துணி. வேர்வை ஈரமுள்ள மேலங்கிக்குள் திணிக்க வேண்டாம்.

மாலையில் சூடான வண்டிக்குள் ஏறுமுன் பைனாகுலரையும் கேமராவையும் பையில் போட்டு மூடிவிடுங்கள், அரைமணி நேரம் திறக்காதீர்கள். உள்ளே ஈரம் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். நைட்ரஜன் நிரப்பியவற்றில் உட்புறம் மங்காது, வெளிப்புறம் மங்கத்தான் செய்யும்.

ஓசைக்காரன்

ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு அழைப்பது பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. ஒருமுறை, 10 நொடி, குறைந்த ஒலியில் விட்டு நிறுத்திவிட்டால், 14 பேர் சோலைக்குள் இறங்கித் தேடுவதைவிடத் தொந்தரவு குறைவு என்பது என் கருத்து.

மரப்பாசி

அண்ணா, உள்ளே இறங்குவதும் வேண்டாம், ஒலியும் வேண்டாம். சோலைத் துண்டுகள் சிறியவை. சிலவற்றில் சில ஜோடி சோலைக்கிளிகளே இருக்கும். வண்டி போகும் தூரத்தில் இருக்கும் துண்டுகள் அதைவிடக் குறைவு. உங்கள் குழு ஒருமுறை விடும். அதே ஓடைக்கு வார இறுதியில் வரும் அடுத்த குழுவும் ஒருமுறைதான் விடும். பறவையின் கணக்கில் அது ஒருமுறை இல்லை. எதிரி எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து, உறைபனி இரவைத் தாண்டி இரை தேட வேண்டிய நேரத்தில் சண்டைக்கு வரும். வேறு சோலைக்குப் போகவும் வழியில்லை, சுற்றிலும் புல்வெளி.

ஓசைக்காரன்

வார இறுதிக் கணக்கை ஏற்கிறேன். ஆனாலும் கணக்கெடுப்பு ஆய்வுகளில் ஒலி பயன்படுகிறது.

மரப்பாசி

அங்கே ஒரு புள்ளியில் எத்தனை நொடி, எத்தனை முறை என்று வரையறை இருக்கும், அனுமதியும் அதற்கெனப் பெற்றிருப்பார்கள். இது பார்வை நாள். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது: இரு குழு பிரிந்திருக்கும்போது ஒரு குழு விடும் ஒலியை மற்றது கேட்டுப் பட்டியலில் ஏற்றிவிடும்.

வலசைப்பாதை

ஒலி வேண்டாம் என்றே வைத்துக்கொள்கிறோம். கைபேசிகளும் அமைதி நிலையில்.

காட்டுத்தடம்

பாதுகாப்பு. மேல்மலையில் அன்றாடம் எதிர்ப்படுவது காட்டுமாடு. புல்வெளி விளிம்பில் தனியாக நிற்கும் கிழட்டுக் காளைதான் ஆபத்து. கூட்டம் பெரும்பாலும் தானே விலகும். பைனாகுலரில் மரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குழு அருகில் வருவதைக் கவனிக்காது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் முறைவைத்துப் பறவை பார்க்காமல் சுற்றிலும் பார்க்க வேண்டும், 15 நிமிடத்துக்கு ஒருவர். மாடு தலையைத் தாழ்த்திச் சீறினால் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓடாதீர்கள், அதற்கும் காட்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள். கரடியும் யானையும் உண்டு. பாதையில் புதுச்சாணம், ஒடிந்த கிளை பார்த்தால் அந்த வளைவை விட்டுவிடுவதே நல்லது. வனத்துறை அனுப்பும் வேட்டைத்தடுப்புக் காவலர் கூடவந்தால் அவர் பேச்சே கடைசி.

குளிர்: உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறையும். அதில் நாம் நடக்கவில்லை, நிற்கிறோம். நிற்பவருக்குக் குளிர் இரட்டிப்பாகத் தெரியும். ஒரே தடித்த மேலங்கியைவிட மூன்று மெல்லிய அடுக்கு. 10 மணிக்குக் கழற்ற வேண்டிவரும். சரசரக்கும் நைலான் மழைக்கோட்டை மேலே போடாதீர்கள், கையைத் தூக்கும்போதெல்லாம் பறவைக்குக் கேட்கும். பனிப்புல் காலணியை ஊறவைத்துவிடும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி கட்டாயம்.

ஜனவரியில் அட்டை குறைவு, ஓடையருகே மட்டும் இருக்கலாம். உண்ணிதான் கவலை. காட்டுமாடு படுத்த புல்லில் உட்கார வேண்டாம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், இரவில் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் பாருங்கள். சில நாள் கழித்துக் காய்ச்சலோ கருத்த பொருக்குப் புண்ணோ வந்தால் மருத்துவரிடம் மலைக்காட்டுக்குப் போனதைச் சொல்ல வேண்டும். விளிம்பில் நிற்கும்போது காஞ்சொறியில் கை படாமல் பாருங்கள். மேல்மலையில் வளரும் பெரிய வகை கடுமையாகக் கடுக்கும்.

வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டிகளுக்கு மாவட்டத்தில் தடை. இரண்டையும் கீழிருந்து கிளம்பும்போதே முடித்துவிடுங்கள்.

ஈரநிலம்

பட்டியலிடுவதைப் பேசிவிடலாம். நாள் முழுவதையும் பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் ஒரே பட்டியலாகப் போடாதீர்கள். 11 மணி நேரப் பட்டியலில் எந்தப் பறவை சோலையில், எது புல்வெளியில், எது உறைபனி நேரத்தில் என்று பின்னால் யாருக்கும் தெரியாது. நின்ற இடத்துக்கு ஒரு பட்டியல், 15 நிமிடத்துக்குக் குறையாமல், "நின்ற இடத்தில்" வகையில். நடந்தால் நடைக்கு ஒன்று. வந்த வழியே திரும்பினால் தூரத்தை ஒருவழிக்கு மட்டும் எழுதுங்கள். போகும்போது எண்ணிய பறவையைத் திரும்பும்போது எண்ணாதீர்கள்.

இரு குழுவும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு குழுவுக்குள் ஒருவர் மட்டும் எழுதி மற்ற ஆறு பேருக்கும் பகிர்ந்துகொள்ளட்டும். எண்ணிக்கையை அங்கேயே எழுதுங்கள். மாலையில் கூடி உட்கார்ந்து நினைவிலிருந்து போட்டால் எண் ஊதிப்போகும். வெள்ளைக்கண்ணிக் கூட்டத்துக்குப் பத்துப் பத்தாக எண்ணிக் கூட்டுங்கள். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதியிருந்தால் மட்டுமே "முழுமையான பட்டியல்" என்று குறிக்கலாம். சின்னான், காகம் என்று பழகியவற்றை விட்டுவிட்டு அப்படிக் குறிப்பது தவறான தரவு.

கூடு கண்டால் படம் வேண்டாம், இடம் குறிக்கவும் வேண்டாம்.

சோலைவிளிம்பு

பிற்பகல் பற்றி. 11க்கு மேல் முகட்டில் காற்று எழும். காற்றுக்கு மறைவான சரிவுக்கு மாறுங்கள், பறவைகளும் மாறியிருக்கும். 12 முதல் 3 வரை சோலை அடங்கிவிடும், அந்நேரம் புல்வெளிக்கு. நீலகிரி நெட்டைக்காலிக்கு ஈரமான உயர்ந்த புல் உள்ள தாழ்வுகள். வயல் நெட்டைக்காலியைவிட அடர்ந்த பழுப்பு, முதுகிலும் விலாவிலும் கோடுகள். எழுப்பினால் அருகிலுள்ள புதரிலோ குட்டை மரத்திலோ போய் உட்காரும். பாதையை விட்டு இறங்கி எழுப்பப் பார்க்காதீர்கள், தரையில் கூடுகட்டும் பறவை. அதே நேரம் வெப்பக்காற்றில் கருங்கழுகு விரல் விரித்தாற்போன்ற இறக்கையோடு மரக்கூரையை ஒட்டி மெதுவாக மிதக்கும்.

மூடுபனி இறங்கினால் திரும்ப வேண்டாம். வெளிச்சம் மங்கினால் சோலைக்கிளிகளும் பூங்குருவிகளும் மறுபடி விளிம்புக்கு வரும். பார்வை 20 மீட்டருக்குக் கீழே போனால் மட்டும் இரு குழுவும் ஒன்றாகி நடக்கவும்.

வலசைப்பாதை

திருத்திய திட்டம்:

6.00 தலை எண்ணிக்கை, குழு பிரிப்பு. 6.15 முதல் அ குழு ஓடைக்கடவில், ஆ குழு கிழக்கு விளிம்பில். 7.00க்கு அ குழு இரண்டாம் விளிம்புக்கு. 8.30க்கு இடமாற்றம். 10.30 இளைப்பாறல், பட்டியல் சரிபார்ப்பு. 11.00 காற்று மறைவான சரிவு, பழமரத்தில் ஸ்கோப். 12.30 சாப்பாடு, பிறகு புல்வெளி. 3.15 மீண்டும் ஓடை. 4.45 வாயில். மொத்த நடை ஏறக்குறைய 3 கிலோமீட்டர்.

காட்டுத்தடம்

5 மணிக்கு அனுமதி முடிகிறது என்றால் 4.45 மிக நெருக்கம். ஓடையில் சோலைக்கிளி வந்துவிட்டால் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஓடையை விட்டு 4.00க்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதி, மணி பார்க்கும் பொறுப்பைக் கேமரா இல்லாத ஒருவரிடம் கொடுங்கள்.

மரப்பாசி

இன்னொன்று: 8.30 இடமாற்றத்தின்போது ஒரு விளிம்பில் கூட்டம் நடந்துகொண்டிருந்தால் வரும் குழு 50 மீட்டர் தள்ளியே நிற்கட்டும், கூட்டம் கடந்தபின் சேரலாம். பேசிக்கொள்ளக் கைபேசிக் கோபுரம் அங்கே கிடைக்காது. கையை உயர்த்தினால் நில், தாழ்த்தினால் வா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலசைப்பாதை

இரண்டும் சேர்த்தாயிற்று. ஓடையிலிருந்து 4.00, சைகைகள் 6 மணிக் கூட்டத்திலேயே சொல்லிவிடுவோம். பட்டியல்களின் இணைப்பை இதே இழையில் போடுகிறேன்.